பழைய பப் நடத்தியவர்களின் குடும்பத்தைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் பழைய பப் (மதுக்கடை) சிலவற்றில் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கும். இன்றுவரை அந்தக் கடையை நடத்தியவர்களின் பெயர்கள், ஆண்டுகளோடு, தங்க எழுத்தில் வரிசையாக இருக்கும். அழகான பொருள்தான். அதை வம்சாவளியாக எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் தவறு. நன்றாகத் தயாரித்த பலகைகூட, மது விற்கும் உரிமம் யார் பெயரில் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. கட்டடம் யாருடையது, மாடியில் யார் குடியிருந்தார்கள், உண்மையில் கல்லாவில் நின்றது யார் என்பதெல்லாம் வேறு வேறு கேள்விகள். அவற்றுக்கான ஆவணங்களும் வேறு வேறு.

முதலில் சொத்து. ஊரே 'லேண்ட்லார்டு' (கட்டடச் சொந்தக்காரர்) என்று அழைத்தாலும் பப் நடத்தியவர் பெரும்பாலும் கட்டடத்தின் சொந்தக்காரர் அல்ல. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான பப்கள் பீர் ஆலைகளின் கைக்குப் போய்விட்டன. நடத்தியவர் அந்த ஆலையின் சரக்கையே வாங்கி விற்கக் கட்டுப்பட்ட வாடகைதாரராக இருப்பார், அல்லது சம்பள மேலாளராக இருப்பார். ஆகவே சொத்துப் பத்திரங்களில் அவர் பெயரைத் தேடிக் களைத்துப் போக வேண்டாம். 1910 நிதிச் சட்டத்தின்படி நாடு முழுவதும் நில மதிப்பீடு நடந்தது. அதன் களப் புத்தகங்களில் சொந்தக்காரர் யார், குடியிருப்பவர் யார் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஐயத்தைத் தீர்க்க இதைவிட நேரான வழி குறைவு.

என்னைக் கேட்டால், அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் பெண்கள்தான். பலகையில் மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் ஆண், அதே குடும்பப் பெயரில் ஒரு பெண், பிறகு முற்றிலும் வேறு பெயரில் ஓர் ஆண். குடும்பம் கைமாறிவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கணவன் இறந்ததும் உரிமம் விதவையின் பெயருக்கு மாறுவதும், அவள் மறுமணம் செய்துகொண்டதும் புதுக் கணவனின் பெயருக்குப் போவதும் அன்றாட நடப்பு. பெயர் மூன்று, ஆனால் வீட்டுக்காரி ஒருத்தி! முதல் கணவனின் பிள்ளைகள் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றாந்தந்தையின் பெயரிலேயே பதிவாகி மேலும் குழப்புவதும் உண்டு. ஆகவே பெயர் மாறும் ஒவ்வோர் இடத்திலும், அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளின் இறப்புப் பதிவையும் திருமணப் பதிவையும் பார்த்துவிடுங்கள். மருமகன் வாரிசாக வந்திருந்தாலும் திருமணப் பதிவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே குடும்பப் பெயர் என்பதற்காக அப்பன், மகன் என்று முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. சிற்றூர்களில் ஒரே பெயரில் அண்ணன், தம்பி, சித்தப்பா என்று பலர் இருப்பார்கள்.

உரிம ஆவணங்களைத் தேடுபவர்கள் சட்டம் மாறிய ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். மது விற்க மாஜிஸ்திரேட்டுகளின் உரிமம் வேண்டும் என்ற விதி 1552-இலேயே வந்தது. 1753-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமங்களுக்குப் பதிவேடு வைக்கச் சொன்னது; அந்தக் கட்டாயம் 1828-இல் நீங்கியது. இடைப்பட்ட காலப் பதிவேடுகள் எஞ்சியிருந்தால் கவுன்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அவற்றில் உரிமம் பெற்றவருக்கு ஜாமீன் நின்றவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உறவினராகவோ பக்கத்துக் கடைக்காரராகவோ இருக்கக்கூடும். அதன்பின் 1830-இல் பீர்க்கடைச் சட்டம் வந்தது. வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பணம்) கட்டி, மாஜிஸ்திரேட்டைப் பார்க்காமலே, கலால் துறையிடம் உரிமம் வாங்கித் தன் வீட்டு முன்னறையிலேயே பீர் விற்கலாம் என்றாகிவிட்டது. சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் கடைகள் முளைத்தன. 1869-இல்தான் அவை மீண்டும் மாஜிஸ்திரேட்டுகளின் பிடிக்குள் வந்தன. உங்கள் ஆள் 1840களில் பீர்க்கடை நடத்தியவர் என்றால், மாஜிஸ்திரேட் ஆவணத்தில் அவர் இல்லாததில் வியப்பே இல்லை. ஊர்க் கடைக்காரர்களைப் பட்டியலிடும் வணிகக் கையேடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் கடையின் பெயரில்லாமல் 'பீர் விற்பவர்' என்று மட்டும் கிடப்பார்கள். அந்தக் கையேடுகள் அச்சாகி வருவதற்குள் தகவல் பழசாகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடையின் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. 'ரெட் லயன்' நாடெங்கும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரே நகரத்தில் பல இருக்கும். பெயரும் மாறும். லண்டன் பேன்டன் தெருவில் 'டாம் கிரிப்' என்று இன்று ஒரு பப் இருக்கிறது. 1810, 1811 ஆண்டுகளில் டாம் மோலினோவை வீழ்த்திய குத்துச்சண்டை வீரர் டாம் கிரிப் அங்கே கடை நடத்தியபோது அதன் பெயர் 'யூனியன் ஆர்ம்ஸ்'. இன்றைய பெயரை வைத்து 1820களின் ஆவணங்களில் தேடினால் கிரிப்பே அகப்பட மாட்டார். தெரு எண்களும் மாற்றப்பட்டிருக்கும், பழைய கட்டடத்தை இடித்துப் பக்கத்து மனையில் கட்டியிருப்பார்கள். காலத்துக்கேற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முக்கியமான எச்சரிக்கை 1841 பற்றியது. அதில் உறவுமுறை எழுதப்படவில்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 1851 முதல்தான் உறவு, பிறந்த ஊர் எல்லாம் வருகின்றன. அங்கே பிள்ளைகளின் பிறந்த ஊர்களைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். மூத்தவன் ஓர் ஊர், அடுத்தவள் வேறோர் ஊர், கைக்குழந்தை இந்த ஊர் என்றிருந்தால், தகப்பன் எந்த ஊர்களில் பிழைப்பு நடத்திவிட்டு வந்தான் என்பதன் தடம் அதுதான். தொழில் என்ற கட்டத்தில் 'கொல்லர்', 'கசாப்புக்காரர்', 'விவசாயி' என்றிருந்தாலும் தள்ளிவிடக் கூடாது. பப் மட்டும் நடத்திப் பிழைத்தவர்கள் குறைவு. பகலில் கணவன் வேறு வேலைக்குப் போக, மனைவி கடையைப் பார்த்துக்கொண்டாள். தூக்கிலிடும் பணியில் இருந்த ஆல்பர்ட் பியர்பாயின்ட்கூட இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓல்டம் அருகே ஒரு பப்பை நடத்தியவர்தான்.

செய்தித்தாளைக் கடைசிக்கு ஒத்திப்போடுபவர்கள் நிறைய இழக்கிறார்கள். உரிமம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியதை உள்ளூர்த் தாள்கள் ஒற்றை வரியில் போட்டுவிடும். மரண விசாரணைகளைப் பெரும்பாலும் பப்பிலேயே நடத்தினார்கள். வேறு தகுந்த இடம் இருந்தால் அங்கே நடத்தக் கூடாது என்று 1902-இல் சட்டம் வரும்வரை அது வழக்கம். ஆகவே இறந்தவர் யாரோ ஒருவராக இருந்தாலும் உங்கள் பப்பின் பெயரும் நடத்தியவரின் பெயரும் செய்தியில் இருக்கும்.

20-ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது வேறொரு பள்ளம். இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீக்கிரையானது. 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921-க்கும் 1951-க்கும் நடுவில் கைகொடுப்பது இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் எடுத்த 1939 மக்கள் பதிவேடு. அதில் பிறந்த தேதியே இருப்பதால், ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்தறிய வசதி. இன்னும் உயிரோடு இருக்கக்கூடியவர்களின் பதிவுகளை மட்டும் மறைத்து வைத்திருக்கிறார்கள். 2005 நவம்பரிலிருந்து உரிமம் வழங்குவது மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்து உள்ளாட்சிக் கவுன்சில்களுக்குப் போய்விட்டது. அதற்குப் பிந்தைய பெயர்களுக்கு நீதிமன்ற ஆவணங்களைத் துழாவாமல் கவுன்சில் அலுவலகத்தில் கேளுங்கள்.