வாய்க்கால் கரையைச் சைக்கிளில் பராமரிப்போம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை என்று இரண்டு பெரிய வாய்க்கால்கள் புறப்படுகின்றன. வயலுக்குப் போகிற வழியில் இவையும் கிளை வாய்க்கால்களும் வீடுகளையும் கடைகளையும் ஒட்டி ஓடுகின்றன. குப்பை சேருவதும் கரையின் மண்கட்டு தேய்வதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான். வாரத்தில் ஒரு காலைப்பொழுதும் ஒரு சைக்கிளும் இருந்தால் நீங்கள் அதைக் கவனித்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் வேகத்தில் இவை கண்ணில் படாது.

முதலில் கேளுங்கள்

உங்கள் பகுதிக் கமக்கார அமைப்பின் செயலாளரைச் சந்தித்து, எந்தத் துண்டைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். ஒரு கிலோமீற்றர் போதும். நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அவர்கள் மூலமாகவே தெரியப்படுத்துங்கள். தண்ணீர் திறந்துவிடும் துருசிலோ கதவிலோ கை வைக்கவே கூடாது. மழை குறைந்த காலத்து நெற்செய்கையான சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் விடப்படும். ஒரு கதவை அசைத்தால் வாய்க்காலின் கடைசியிலுள்ள வயல்காரரின் அன்றைய தண்ணீர் போய்விடும்.

கொண்டுபோக வேண்டியவை

ரயருக்குக் காற்றுப் பம், ஒட்டுச் சாமான், தண்ணீர்ப் போத்தல், தடித்த கையுறை, முகக்கவசம், மூடின சப்பாத்து. கரியரில் நாலைந்து வெறும் உரப்பை. ஹாண்டிலோடு சேர்த்துக் கட்டின கொக்கைத்தடி இருந்தால் தண்ணீரில் இறங்காமலே குப்பையை இழுக்கலாம்.

பாதுகாப்பு

ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் போகாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கையான மண்டையோட்டுப் பலகை கண்டால் திரும்புங்கள். மண்ணுக்குள் இன்னதென்று அறியாத இரும்போ, விசித்திரமான பிளாஸ்ரிக் பொருளோ தெரிந்தால் தொடாமல், வந்த தடத்திலேயே பின்வாங்கி, 119க்கு அறிவியுங்கள். புல்லுக்குள் கை விடமுன் தடியால் தட்டுங்கள், புடையன் பாம்பு இருக்கும். கையிலோ காலிலோ காயம் இருந்தால் தண்ணீரில் இறங்கவேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால், வாய்க்காலில் வேலை செய்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல், தொற்றி இரண்டு மூன்று கிழமை கழித்தும் வெளிப்படலாம்.

கட்டைப் பார்க்கும் விதம்

என்னைக் கேட்டால், குப்பை பொறுக்குவதைவிட இதுதான் பெரிய வேலை. மெதுவாக ஓட்டி, கட்டின் வெளிப்பக்கச் சரிவைப் பாருங்கள். மழையில்லாத நாளில் ஓரிடம் மட்டும் ஈரமாக, புல் கடும் பச்சையாக இருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. இறங்கி, கசிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக இருந்தால் இடத்தைக் குறித்துவைத்து அடுத்த முறையும் பாருங்கள். கலங்கலாக, விரலில் மண் நெருடினால், கட்டுக்குள்ளிருந்து மண் கழுவுப்படுகிறது என்று அர்த்தம். எலி வளையோ நண்டுப் பொந்தோ செத்த வேரின் இடைவெளியோ தண்ணீருக்கு வழியாகியிருக்கும். இப்படியே விட்டால் கட்டு உடையலாம். வெளிப்பக்கத்தில் களிமண் வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள்; தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். படம் எடுத்து, கிட்டவுள்ள மதகிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி, உடனே வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானைக்கு ஃபோன் எடுங்கள்.

குப்பையும் களையும்

சொப்பிங் பை, யோகட் கப், போத்தல் எல்லாம் மதகு வாயில்தான் திரளும். அங்கிருந்து தொடங்குங்கள். நிறைந்த உரப்பையைப் பிரதேச சபை வண்டி வரும் இடத்தில் வையுங்கள், கரையில் எரிக்கவேண்டாம்.

பார்த்தீனியம் என்ற களையைப் பூக்கமுன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொட்டால் தோல் அரிப்பும் மூச்சு இழுப்பும் வரலாம். பூத்த செடியை அசைக்காமல் பையால் மூடி, வாயைக் கட்டிய பிறகே பிடுங்கவேண்டும். அதன் சின்ன விதைகள் வாய்க்காலில் விழுந்தால் தண்ணீரோடு வயலுக்குப் போய்விடும். ஆகாயத்தாமரையை இழுத்தால், திரும்ப வழுக்கி விழாத தூரத்தில் காயப்போடுங்கள்.

எப்போது தொடங்குவது

சிறுபோகத் தண்ணீர் திறக்கமுன், வாய்க்கால் வற்றியிருக்கும் கிழமைகள் நல்லவை. உட்பக்கப் பொந்துகளும் தெரியும். கார்த்திகை, மார்கழி மழையில் கட்டின்மேல் சைக்கிள் ஓட்டாதீர்கள். ஈர மண்ணில் பதிகிற சில்லுத் தடத்தாலேயே மழைநீர் ஓடி மண்ணை அரிக்கும். அந்த மாதங்களில் றோட்டில் நின்று மதகுகளை மட்டும் பார்த்தால் போதும்.