தவழும் உயரத்தில் வீட்டை ஒரு சுற்று: குழந்தைக்கு அடிபடாமல் காப்பது எப்படி?

எங்கள் பையன் தவழ ஆரம்பித்த வாரம் அது. டீப்பாயில் விரித்திருந்த துணியின் நுனியைப் பிடித்து இழுத்தான். மேலே இருந்த டீ டம்ளர் அவன் தோளில் கவிழ்ந்தது. நல்லவேளை, நான் குடிக்க மறந்து ஆறிப்போயிருந்த டீ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒன்றரை மணி நேரம், ஒரு தாள், ஒரு பேனா போதும்.

படி 1: நீங்களும் தவழுங்கள்

சிரிப்பு வரும், பரவாயில்லை. அறை அறையாக மண்டி போட்டுப் போங்கள், ஆபத்தாகத் தெரிவதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சோபாவுக்கு அடியில் எனக்குக் கிடைத்தவை: ஓர் ஊக்கு, அப்பாவின் பிரஷர் மாத்திரை, வறுத்த வேர்க்கடலை, பழைய ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி.

பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அந்த இடத்தை அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். வேர்க்கடலையை ஐந்து வயது வரை முழுதாகக் கொடுக்காதீர்கள், பொடித்துக் கொடுங்கள். புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை எல்லாம் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். தின்றுகொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமி, பிறகு அடங்கிவிட்டாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கடலை மூச்சுக்குழாயில் இருக்கலாம்.

படி 2: சூடு இருக்கும் இடங்கள்

தாளில் அதிக வரிகள் எழுதியது இங்கேதான். நம் வீடுகளில் ரசம், சாம்பார் பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைத்துப் பரிமாறும் பழக்கம் இருக்கிறது. குழந்தை தவழத் தொடங்கும் வரை அதில் தவறில்லை. தவழத் தொடங்கிய நாளிலிருந்து கொதிப்பது எதுவும் தரைக்கு வரக் கூடாது. வாணலிக் காம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாளிக்காதீர்கள்.

குளிக்க வார்க்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். கீசரிலிருந்து 60 டிகிரியில் வரும் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும்.

மீறிச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபதாகத் தெரியும். வளையல், கொலுசை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். இட்லி மாவு, இங்க், பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள்.

படி 3: பூஜை அலமாரியும் கழிவறையும்

பினாயிலை எல்லோரும் மேலே எடுத்து வைக்கிறோம். கற்பூரத்தை யாரும் நினைப்பதில்லை. வெள்ளையாக, கற்கண்டு போல இருக்கிறது. சிறு குழந்தை கொஞ்சம் தின்றாலே வலிப்பு வரலாம். கற்பூரமும் தைல பாட்டிலும் பூட்டுக்குள் போகட்டும். எலி பேஸ்ட் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். ஆசிட், மண்ணெண்ணெய், டர்பன்டைன் எதையும் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

இவற்றில் எதைக் குடித்திருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கும், ஆசிட் தொண்டையை இன்னொரு முறை சுடும். 108-ஐ அழையுங்கள், அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

படி 4: தண்ணீர்

குளியலறை வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தலைகுப்புற விழுந்த குழந்தைக்கு இரண்டு அங்குலத் தண்ணீரே ஆபத்து, அலறல் சத்தம்கூடக் கேட்காது. சம்ப் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள்.

படி 5: தூளி

தூளியை நான் குறை சொல்லவில்லை, நானும் அதில் தூங்கி வளர்ந்தவன்தான். ஆனால் கைக்குழந்தை இறங்கியதும் அது அக்கா, அண்ணனுக்கு ஊஞ்சலாகிறது. உள்ளே உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்கும்போது சேலை கழுத்தில் இறுகி உயிர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். குழந்தையை எடுத்ததும் சேலையை அவிழ்த்துவிடுங்கள், அல்லது எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டுங்கள்.

படி 6: மின்சாரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். சார்ஜரை ஸ்விட்ச் போட்டபடி தொங்கவிடாதீர்கள், முனை நேராக வாய்க்குத்தான் போகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: தாளை ஒட்டுங்கள்

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ, வேலைக்கு வரும் அக்காவோ என்றால், நமக்குத் தெரிந்திருந்து என்ன பயன்? தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி, அவர்களோடு ஒரு தடவை வீட்டைச் சுற்றி வாருங்கள். என் அம்மா முதலில், "நாங்க வளர்க்காத பிள்ளையா?" என்றார். பிறகு அவரே தன் சுகர் மாத்திரை டப்பாவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சுற்றைத் திரும்பச் செய்யுங்கள். எங்கள் பையனுக்கு இப்போது ஒன்றரை வயது. போன வாரம் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பூஜை அலமாரி வரை வந்துவிட்டான். கற்பூர டப்பா மறுபடியும் இடம் மாறியிருக்கிறது.