பாடசாலை நிதிக்காக ஹோட்டலோடு சேரும்போது காசு ஒழுகும் இடங்கள்

"இலாபத்தில் 20 வீதம் பாடசாலைக்கு." அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இப்படி ஒரு வரியில் பேசி முடித்துவிட்டு எழுந்தால், சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். இலாபம் எவ்வளவு என்பது ஹோட்டல் முதலாளிக்கு மட்டுமே தெரியும். சங்கத்தால் அதை எண்ணிப் பார்க்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்கூட்டியே டிக்கட் விற்று, ஹோட்டலில் கட்டும் சோற்றுப் பார்சலை வாங்கியவர்களுக்குக் கொடுக்கிறோம். ஒரு கோழிப் பார்சல் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, கோழி, தேங்காய், எண்ணெய், காஸ், கூலி எல்லாம் 510 ரூபாய் போனால் மிச்சம் 90. அதில் 20 வீதம் 18 ரூபாய். 300 பார்சல் விற்றாலும் பாடசாலைக்கு 5,400 ரூபாய்தான் வரும். டிக்கட் விற்கப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பட்ட பாட்டுக்கு அது போதாது. "அப்படியென்றால் விற்பனையில் 20 வீதம் தாருங்கள்" என்று கேட்பது அடுத்த தவறு. அது பார்சலுக்கு 120 ரூபாய். முதலாளிக்கு ஒவ்வொன்றிலும் 30 ரூபாய் கைநட்டம். முகத்துக்கு அஞ்சி அவர் ஒத்துக்கொள்வார். ஆனால் கோழித்துண்டு சிறுக்கும், பருப்பு தண்ணீராகும். வாங்கியவர்கள் அடுத்த முறை டிக்கட்டைத் தொடமாட்டார்கள்.

பார்சலுக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையான தொகை பேசுவதே எங்கள் அனுபவத்தில் சரிவந்தது. டிக்கட் 650, கடைக்கு 560, பாடசாலைக்கு 90. எண்ணிக்கை முன்கூட்டியே தெரிவதால் கடையில் சோறு மிஞ்சி வீணாகாது. அதனால் வழக்கமான விலையில் 40 ரூபாயை விட்டுக்கொடுக்க முதலாளிக்கு இயலும். 300 பார்சலுக்கு 27,000 ரூபாய், யாரும் நட்டப்படாமல்.

இதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்து வையுங்கள். என்னென்ன கறி, இறைச்சி எத்தனை துண்டு, கடைக்கு எவ்வளவு, கடைசி எண்ணிக்கை சொல்லும் நாள், பொதிசெய்யும் செலவும் ஏற்றிச்செல்லும் செலவும் யாருடையவை, விற்காமல் மிஞ்சினால் யார் பொறுப்பு. கடைசி இரண்டையும் பேச மறந்தால்தான் பின்னேரம் சண்டை வரும்.

பார்சல் வேண்டாம், "இன்று இரவு வரும் விற்பனையில் ஒரு பங்கு" என்று ஏற்பாடு செய்பவர்களும் உண்டு. அதில் யார் பாடசாலைக்காக வந்தவர், யார் வழமையாகச் சாப்பிட வந்தவர் என்று பிரிப்பதே பெரும்பாடு. இரவு ஏழரை மணிக்குக் கொத்துத் தகடு அடிபடும் சத்தத்தில், காசு வாங்குபவர் ஒவ்வொருவரிடமும் "பாடசாலை ஆளா?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பத்துப் பேரிடம் கேட்பார், பதினோராவது ஆளோடு விட்டுவிடுவார். பாடசாலை முத்திரை குத்திய சின்னத் துண்டுகளை முன்னரே கொடுத்துவிடுங்கள். வருகிறவர் பில்லுக்குப் பின்னால் அதை வைத்து, காசாளர் மேசையில் இருக்கும் பூட்டிய பெட்டியில் போடட்டும். கடை மூடும்போது இரு தரப்பும் சேர்ந்து பெட்டியைத் திறந்து, பில்லைக் கூட்டிப் பாருங்கள். சனி இரவைக் கேட்காதீர்கள். அன்று கடை எப்படியும் நிறையும், முதலாளிக்கு உங்களால் ஆதாயம் இல்லை. செவ்வாயோ புதனோ கேட்டால் மனதோடு தருவார்.

எந்த நாள் என்று தெரிவுசெய்வதில் எங்கள் கிழக்குக் கரை ஊர்களுக்கென்று சில கணக்குகள் உண்டு. வெள்ளி மத்தியானம் கோழிப் பார்சல் போடுவது இரண்டு பக்கமும் அடிபடும். சைவக் குடும்பங்கள் பல அன்று மரக்கறி, முஸ்லிம் கடைகள் ஜும்மாவுக்கு மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் விற்பனையே வேண்டாம். கந்தசஷ்டியையும் கிறிஸ்தவர்களின் தவக்காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா நாளில் இறைச்சிக்கடை மூடும். கார்த்திகை, மார்கழி மழையில் தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் நின்றால் பார்சல் போய்ச் சேராது. கடல் கொந்தளிக்கும் அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களின் கையில் காசும் இருக்காது. பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்கும் மாசி, பங்குனிதான் எங்கள் பக்கம் காசு புழங்கும் காலம்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருகின்றன. வாங்குபவர்களும் அப்படித்தான் கலந்திருப்பார்கள். ஆகவே கோழி ஹலாலா என்பதை டிக்கட்டிலேயே அச்சிடுங்கள். மரக்கறிப் பார்சலுக்கு வேறு நிற டிக்கட் அடியுங்கள். மரக்கறியை வேறு சட்டியில், வேறு அகப்பையில் எடுக்கும்படி கடையில் முன்னரே சொல்லிவையுங்கள். கோழிக்குழம்பு பட்ட கரண்டி பருப்புச் சட்டிக்குள் போவதை ஒருவர் பார்த்துவிட்டால், அன்றைய மரக்கறிப் பார்சல் அத்தனையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சமையலறையின் அளவைப் பார்க்காமல் எண்ணிக்கை கொடுப்பது. நாளுக்கு 60 சாப்பாடு போடும் கடையிடம் 300 கேட்டால் மறுக்காது, ஏனென்றால் அது பெரிய ஓடர். 300 பார்சல் என்றால் கிட்டத்தட்ட 40 கிலோ அரிசி, 45 கிலோ கோழி. அந்தக் கடையின் இரண்டு அடுப்புக்கு அது விடியற்காலை மூன்று மணிக்கே தொடங்க வேண்டிய வேலை. பிறகு கட்ட வேண்டும். ஒரு வரிசையில் நிமிடத்துக்கு இரண்டு பார்சல் கட்டினால் 300க்கு இரண்டரை மணித்தியாலம். முதலில் கட்டிய பார்சல் கடைசிப் பார்சலுக்காகக் காத்திருக்கும். அதற்குமேல் முச்சக்கரவண்டியில் ஒரு மணித்தியாலம், வகுப்பறை மேசையில் ஒரு மணித்தியாலம். காலை எட்டரை மணிக்குக் கட்டியதை ஒரு மணிக்குப் பிள்ளை திறக்கிறது.

சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா வித்து கொதியிலும் சாகாமல் இருக்கும். இளஞ்சூட்டில் நின்றால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சூடான சோற்றோடு பச்சைத் தேங்காய்ச் சம்பலைச் சேர்த்துக் கட்டினால் அதுதான் முதலில் புளிக்கும். எங்கள் வெக்கையில் அதற்கு நெடுநேரம் தேவையில்லை. சம்பலுக்குப் பதில் வதக்கிய கறியோ பொரியலோ வையுங்கள். கட்டியதிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கையில் சேர்த்துவிடுங்கள். ஓடரை இரண்டு கடைக்குப் பிரித்து, 11.00, 11.45, 12.30 என்று மூன்று தடவையாக எடுப்பது நல்லது. ஏற்பாட்டை ஒரு வாரம் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். கடையைத் தெரிவுசெய்வதற்கு முன் ஒரு நாள் சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா, பச்சைக் கோழி வெட்டிய பலகையில் வெங்காயம் வெட்டுகிறார்களா என்பதே போதிய அறிக்கை.

பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரிஜிபோம் பெட்டியும் இலங்கையில் 2017 செப்டம்பரிலிருந்து தடை. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு, ஒருமுறை பாவிக்கும் தட்டு, கரண்டி போன்றவை 2023 ஒக்டோபரிலிருந்து தடை. வாழையிலையை வாட்டிப் பாவியுங்கள், அல்லது உக்கக்கூடிய தாளுக்கான செலவை விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

டிக்கட்டில் இலக்கம் போடாமல் விற்பது காசைத் தெருவில் வைப்பதற்குச் சமம். இருபது டிக்கட் கொண்ட புத்தகம், இரண்டு பாதியிலும் ஒரே இலக்கம், எந்தப் புத்தகம் யாரிடம் என்று ஒரு பதிவுக் கொப்பி. விற்காத டிக்கட்டை மூன்று நாள் முன்னர் திருப்பி வாங்கி, அன்று மாலையே கடைக்கு முடிவான எண்ணிக்கை சொல்லுங்கள். பிள்ளைக்கு ஐந்து டிக்கட் கட்டாயம் என்று சொல்லவே வேண்டாம். கூலிவேலைக்குப் போகும் தாய் கடன் வாங்கி அந்த ஐந்தையும் தானே எடுப்பாள். ஏழையிடமிருந்து எடுத்துப் பாடசாலைக்குக் கொடுப்பது நிதி திரட்டல் அல்ல. வங்கி, பிரதேச செயலகம், வைத்தியசாலை என்று மத்தியானச் சாப்பாடு எப்படியும் வாங்கும் இடங்களுக்குப் போங்கள். அங்கே பத்துப் பார்சலாக ஒரே ஆளிடம் கொடுக்கலாம், அலைச்சலும் மிச்சம்.

தொடங்குமுன் அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். காசு எந்த ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கும் ஒரு நாள்கூடப் போகக் கூடாது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். அவரைக் காப்பாற்றுவதும் இந்த ஒழுங்குதான். விற்ற அன்று பின்னேரமே அடிக்கட்டையையும் காசையும் மூவர் எண்ணி, கடைக்காரரின் பங்கைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மிகுதியை அடுத்த வேலைநாளில் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, வைப்புச் சீட்டைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் அறிவித்தல் பலகையிலும் போடுங்கள். அந்தக் காசில் வகுப்புகளுக்கு மின்விசிறி பூட்டினீர்கள் என்றால், எந்த வகுப்பில் எத்தனை என்று எழுதிய நன்றிக் கடிதத்தை அதிபரின் முத்திரையோடு முதலாளியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் அதைக் காசாளர் மேசைக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டுவார்.