பூங்காவுக்கு ஸ்பான்சர் தேடும் சங்கங்கள் சறுக்கும் இடங்கள்

நகர்ப் பூங்காவைச் சீரமைக்க நிறுவனங்களின் கதவைத் தட்டும் குடியிருப்போர் நலச்சங்கங்கள், பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே திணறிவிடுகின்றன: "இடம் யார் பேர்ல இருக்கு?" தமிழ்நாட்டு மனைப்பிரிவுகளில் உள்ள பூங்காக்கள் பலவும் ஓஎஸ்ஆர் நிலங்கள், அதாவது பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய திறந்தவெளிகள்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டுத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே நிலம் மாநகராட்சியுடையது. சங்கம் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் எதையாவது கட்டித் தருவதாக யாரிடமும் கையெழுத்திட முடியாது. என்ன வைக்கப் போகிறோம், எங்கே, யார் பராமரிப்பது, எத்தனை ஆண்டுக்கு என்று நான்கையும் எழுதி, எழுத்துபூர்வ அனுமதி வாங்கிய பிறகே நன்கொடை கேட்கப் போங்கள். கவுன்சிலர் வாய்மொழியாகச் சொன்ன சம்மதத்தை நம்பி உபகரணம் வாங்கினால், சறுக்குமரம் யாராவது ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் மாதக்கணக்கில் கிடக்கும்.

அடுத்த தவறு, இதைவிட அதிகமான கோரிக்கைகளைக் கவிழ்ப்பது. நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியையும் விளம்பர ஸ்பான்சரையும் ஒரே கடிதத்தில் கேட்பது. 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்பவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர் தொகை அந்தக் கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. "நான்கு பக்கமும் உங்கள் லோகோ, ஞாயிறுதோறும் உங்கள் ஸ்டால்" என்று ஆசை காட்டினால், சிஎஸ்ஆர் அலுவலரால் அந்தக் கடிதத்தைத் தொடவே முடியாது. அது மார்க்கெட்டிங் பிரிவுக்குப் போக வேண்டிய கடிதம். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

வைக்கப்போகும் பலகையின் வாசகத்திலும் இதே கோடு ஓடுகிறது. "இந்த இருக்கைகள் இன்ன நிறுவனத்தின் நன்கொடை" என்பது நன்றி. அதே பலகையில் "குறைந்த வட்டியில் வீட்டுக்கடன், அழையுங்கள்" என்று ஒரு வரியும் போன் நம்பரும் சேர்ந்தால் அது விளம்பரம். அறநிறுவனத்துக்குக் கொடுத்த நன்கொடைக்கு நன்றி சொல்லி, வணிக விளம்பரம் இல்லாமல் பெயர் மட்டும் எழுதினால் ஜிஎஸ்டி இல்லை என 2019 அக்டோபர் சுற்றறிக்கை தெளிவாக்கியது. விளம்பரம் என்றாகிவிட்டால் ஜிஎஸ்டி கேள்வி எழும். பலகைக்கு உள்ளாட்சியின் உரிமமும் வேண்டியிருக்கும். வாசகத்தை ஒப்பந்தத்திலேயே எழுத்துக்கு எழுத்து முடிவு செய்துவிடுங்கள். புகையிலை நிறுவனப் பணம் பக்கமே போக வேண்டாம். அந்த ஸ்பான்சரை 2003 புகையிலைப் பொருட்கள் சட்டமே தடுக்கிறது.

சங்கம் பதிவாகியிருந்தாலே சிஎஸ்ஆர் பணம் வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனத்துக்காகப் பணியைச் செய்து தரும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, இதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவம், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் வாங்கிய பதிவு எண் எல்லாம் வேண்டும். உறுப்பினர் நலனுக்கென்றே விதிகள் எழுதிய நலச்சங்கத்துக்கு 12ஏ கிடைப்பதே கடினம். தகுதியுள்ள உள்ளூர் அறக்கட்டளையோடு கைகோர்க்கலாம். அல்லது நிறுவனத்தையே நேரடியாகச் செய்யச் சொல்லலாம். தெருக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து பணம் போடத் தயார் என்றால் தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பெரும்பாலான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும்.

பொருளுக்கு மட்டும் கேட்பது எங்கும் நடக்கும் தவறு. கோவில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. பெஞ்ச் உபயம் செய்யப் பத்துப் பேர் வருவார்கள். மோட்டாரின் கரண்ட் பில்லுக்கு ஒருவரும் வருவதில்லை. ஊஞ்சலையே பாருங்கள். சங்கிலி மாட்டியிருக்கும் மேல் கொக்கி, இரும்போடு இரும்பு உரசி நாளுக்கு நாள் தேயும். கொக்கி மாற்றுவது சிறிய செலவுதான், ஆனால் அதற்கென்று யாரிடமும் பணம் ஒதுக்கியிருக்காது. யாரோ நைலான் கயிறு கட்டுவார்கள். கயிறு அறும் நாளில் அதில் உட்கார்ந்திருப்பது ஒரு குழந்தை. அதனால் ஒவ்வொரு பொருளின் விலைக்குப் பக்கத்திலும் மூன்றாண்டுப் பராமரிப்பை எழுதுங்கள். காவலாளிக்கு மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. அதுவும் மதிப்பீட்டில் வர வேண்டும். சிஎஸ்ஆரில் தொடர் திட்டம் என்பது தொடங்கிய ஆண்டு போக மூன்று நிதியாண்டுதான். அதற்குப் பிறகு யார் பொறுப்பு என்ற வரி இல்லாத மதிப்பீடு அரைகுறை.

விளையாட்டுப் பயிற்சி வகுப்புகளுக்குக் கேட்கும்போது, எந்தப் பணிகள் சிஎஸ்ஆரில் சேரும் என்று பட்டியலிடும் நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஊரக விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி அதில் இருக்கிறது. "கோடைக் கொண்டாட்டம்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். அதையே கைப்பந்துப் பயிற்சி, 40 பிள்ளைகள், வாரம் மூன்று நாள், பயிற்சியாளர் சம்பளம் இவ்வளவு, பந்து இத்தனை என்று எழுதினால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

நேரமும் முக்கியம். நிறுவனங்களின் ஆண்டுத் திட்டம் ஏப்ரலை ஒட்டி முடிவாகிறது. பிப்ரவரியில் போனால் மிஞ்சிய சில்லறைதான் கிடைக்கும். அக்டோபரிலிருந்தே பேசத் தொடங்குங்கள். பணம் வந்த பின் ஒவ்வொரு பில்லையும், ஒரே இடத்தில் நின்று எடுத்த முன்–பின் படங்களையும் சேர்த்து வையுங்கள். மார்ச் 31-க்கு முன் கணக்கு போய்ச் சேராவிட்டால், அடுத்த ஆண்டு அந்த அலுவலர் உங்கள் போனை எடுக்கத் தயங்குவார்.