மேய்ப்பர்களுக்கான கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்குப் போடாதீர்கள்

ஊர்மக்களைக் காட்டுயிர்ப் பாதுகாப்பில் சேர்க்கிறோம் என்று கிளம்பும் பல திட்டங்கள் முதல் நாளிலேயே சறுக்குகின்றன. ஜீப் வந்து நிற்கும், மரத்தடியில் நாற்காலி போடுவார்கள், பெரியவர்கள் வந்து உட்கார்வார்கள். சிங்கத்தையும் சிறுத்தையையும் நேருக்கு நேர் பார்க்கிற இருபது வயது மேய்ப்பனோ அந்த நேரம் மந்தையோடு மேய்ச்சல் நிலத்தில் இருப்பான். பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட தீர்மானம் அவன் காதுக்கு எட்டும்போது பாதி திரிந்திருக்கும். அவனோடு பேச வேண்டுமானால் மந்தை பட்டிக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதன் பின்னாலேயே அரை நாள் நடக்க வேண்டும். நடப்பதே மேல். கேட்காமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, 'விழிப்புணர்வு' முகாம். புலியின் எச்சத்தை மிதித்து வளர்ந்தவனுக்குப் புலியின் படத்தைக் காட்டிப் பாடம் எடுப்பதைப் போல அவனைச் சலிப்படைய வைப்பது வேறொன்றும் இல்லை. கென்யாவின் அம்போசெலி பகுதியில் 2007-இல் தொடங்கிய 'லயன் கார்டியன்ஸ்' திட்டம் வேறு வழியில் போனது. அங்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் இனத்து இளைஞனுக்குச் சிங்கத்தைக் கொல்வது வீரம். மாட்டை அடித்த சிங்கத்தைப் பழிவாங்குவதும் வழக்கம். திட்டம் அவர்களுக்கு வேலை கொடுத்தது. கால்தடம் பார்த்துச் சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மேய்ப்பர்களை எச்சரிப்பது, வழிதவறிய மாடுகளைத் தேடிப் பிடிப்பது, பட்டி வேலியைப் பலப்படுத்துவது, ஈட்டியோடு கிளம்பிய கூட்டத்தை வழிமறித்துப் பேசித் திருப்புவது ஆகியவை அந்த வேலை. முன்பு சிங்கத்தைக் கொன்றவர்களும் காவலர்கள் ஆனார்கள். சிங்கங்களுக்கு மாசாய் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். பெயர் சொல்லி அழைக்கும் விலங்கின்மேல் ஈட்டி எறியக் கை கொஞ்சம் தயங்கும் அல்லவா? தடம் பார்க்கும் திறமைக்கு ஊரில் இருந்த மதிப்பை அந்தத் திட்டம் பறிக்கவில்லை, அதையே மூலதனமாக்கியது.

கருவிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்குவது இன்னொரு தவறு. நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவனுக்குத் தந்தையின் மாடுகளைக் காக்கும் பொறுப்பு இருந்தது. முதலில் நெருப்பு மூட்டிப் பார்த்தான். அந்த வெளிச்சம் பட்டிக்குள் மாடு நிற்பதைச் சிங்கத்துக்குக் காட்டிக் கொடுத்தது. பிறகு பொம்மை நிறுத்தினான். முதல் நாள் சிங்கம் திரும்பிப் போனது, இரண்டாம் நாள் பொம்மை அசையவில்லை என்பதைக் கண்டுகொண்டது. ஒரு நாள் இரவு கையில் டார்ச்சோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது சிங்கம் நெருங்கவில்லை. நகரும் வெளிச்சத்துக்குத்தான் அது அஞ்சுகிறது என்று பிடிபட்டது. பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, சூரியத் தகடு, சில பல்புகள் ஆகியவற்றைக் கொண்டு மாறிமாறி மின்னும் விளக்குகளைச் செய்தான். அப்போது அவனுக்கு வயது பதினொன்று. 2013-இல் 'டெட்' (TED) என்ற உரை மேடையில் இந்தக் கதையை அவனே சொன்னான். இப்படி யோசிப்பவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவரைத் தேடாமல் விலைப்பட்டியலைத் தேடுவது நம் வழக்கமாகிவிட்டது.

பட்டியைப் பார்க்காமல், பறிகொடுத்த கால்நடைக்கான இழப்பீட்டைப் பற்றி மட்டும் பேசுவதும் உதவாது. லடாக்கில் கூரையில்லாத கல்பட்டிக்குள் பனிச்சிறுத்தை குதித்தால், மிரண்டு ஓட இடமில்லாத ஆடுகளை ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் அடித்துத் தள்ளிவிடும். மேலே கம்பிவலை, இறுக மூடும் கதவு, இவ்வளவுதான் தேவை. இழப்பீடு அலைய விட்டு ஒரு வருடம் கழித்து வந்தால், அதற்குள் விலங்கைக் கொல்ல, செத்த ஆட்டின் சடலத்தில் விஷம் வைக்கப்பட்டிருக்கும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் உள்ள கிப்பர் கிராமத்தில் 2002 முதல் கால்நடைக் காப்பீடு இருக்கிறது. குடும்பங்களே பிரீமியம் கட்டுகின்றன, கணக்கையும் ஊராரே பார்க்கிறார்கள். பொய்யாக உரிமை கோருபவன் அண்டை வீட்டுக்காரன் பணத்தைத் தொடுகிறான் என்பதால் அங்கே மேற்பார்வையாளர் தனியாகத் தேவைப்படவில்லை.

பலனை ஓரிரு குடும்பங்களுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்களின் பகையைச் சம்பாதிப்பீர்கள். மங்கோலியாவில் மேய்ப்பர் குடும்பப் பெண்கள் கம்பளியில் செய்யும் பொருள்களை வாங்கும் பனிச்சிறுத்தைத் திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பகுதியில் யாராவது பனிச்சிறுத்தையைக் கொன்றால் எல்லோருக்குமான ஊக்கத்தொகையும் போய்விடும். கடுமையானதுதான், ஆனால் வேட்டைக்காரனை ஊரே கண்காணிக்கும். பெண்கள் கையில் வருமானம் வருவதும் சிறிய விஷயம் அல்ல. கூட்டங்களில் அவர்களைக் காண்பதே அரிது.

இளைஞர்களை உளவாளி ஆக்காதீர்கள். கள்ளவேட்டைக்காரன் அதே ஊரில், சில சமயம் அதே குடும்பத்தில் இருப்பான். தகவல் சொன்னது யார் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். நீங்கள் ஜீப் ஏறிப் போய்விடுவீர்கள், அந்தப் பையன் அங்கேயேதான் மாடு மேய்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து இழுத்து வந்து தடம் பார்க்க அனுப்புவதும் கூடாது.

விலங்குகளைப் படம்பிடிக்க மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவில் பதிந்த படங்களை எடுத்துக்கொண்டு காணாமற்போவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. எந்த மரத்தில் கேமராவைக் கட்டினால் விலங்கு சிக்கும் என்று காட்டிக் கொடுத்தவன் மேய்ப்பன். ஆனால் படம் ஆய்வுக் கட்டுரையில் வரும், அவன் மட்டும் பார்த்திருக்க மாட்டான். கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிய அன்றே, அந்த மரத்தடியிலேயே, மடிக்கணினியைத் திறந்து அவனுக்குக் காட்டுங்கள். இந்தப் பெண்புலி போன மழையில் இரண்டு குட்டிகளோடு வந்தது, இப்போது ஒன்றுதான் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவன் சொல்லக்கூடும்.