குரூஸ் கப்பலில் உறவினர் குழுவுக்கு அறை எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் எம்பிரஸ் கப்பலின் பயணங்கள் தொடங்கிய பிறகும், சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் சென்று திரும்பும், சில இரவுகள் நீளும் பயணங்கள் நம் ஊர்களில் பரவலாக விற்கப்படத் தொடங்கிய பிறகும், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தையோ உடன்பிறந்தோரின் ஒன்றுகூடலையோ கப்பலில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. இத்தகைய குழுக்களுக்குப் பயண ஏற்பாடு செய்வது என் தொழில். குடும்பத்தில் கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் தாமே அறைகளைப் பிரித்து, முன்பணமும் கட்டிவிட்டு, பிறகு "சரிதானா, பாருங்கள்" என்று பட்டியலை நீட்டும்போது, தொடக்க காலத்தில் நானும் போட்ட அதே கணக்கை அதில் காண்கிறேன்.

கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் தருவது, காப்பீடு எடுப்பது, விசாவைச் சரிபார்ப்பது ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் இல்லாமல், வயது வந்த உறவினர் மட்டுமே செல்லும் குழுவுக்கு அறை பிரிப்பதில் உள்ள சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தனியாக வரும் அத்தையைத் தம்பதியரின் அறையில் மூன்றாவது ஆளாகச் சேர்ப்பது

இதுதான் மிகுந்த விலை கொடுக்க வைக்கும் தவறு. எத்தனை முறை எச்சரித்தாலும் அடுத்த குடும்பம் இதையே செய்துகொண்டு வந்து நிற்பதால் எனக்கு இன்றும் எரிச்சல் ஊட்டுவதும் இதுவே.

தவறு எங்கே தொடங்குகிறது என்றால், கட்டண அட்டவணையில் தொடங்குகிறது. கப்பல் நிறுவனங்கள் அறிவிக்கும் கட்டணம், ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்ற அடிப்படையில் தலைக்கு இவ்வளவு என்று போடப்படுவது. அதே அறையில் மூன்றாவது ஆள் வந்தால் அவருக்குக் கட்டணம் கணிசமாகக் குறையும். சில சலுகைக் காலங்களில் துறைமுகக் கட்டணம் மட்டும்தான். மாறாக, ஒருவர் தனி அறை எடுத்தால் பெரும்பாலான நிறுவனங்கள் அவரிடம் இரண்டு பேருக்கான கட்டணத்தையும் வாங்கிவிடும். தனியாக வருவோருக்கென்றே அமைந்த அறைகள் உலகில் இல்லாமல் இல்லை. 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் அத்தகைய அறைகள் 128 இருந்தன. ஆனால் நம்மவர் ஏறும் கப்பல்களில் அவை அரிது. எனவே பெற்றோர், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், கணவரை இழந்த அத்தை என்று ஏழு பேர் புறப்படும் வீட்டில், அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில், அத்தையைச் சின்ன மகன் அறையில் போட்டுவிடலாம் என்று முடிவாகிவிடுகிறது. அத்தையும் "எனக்கு எங்கே இருந்தால் என்ன" என்று சொல்லிவிடுவார். வேறு என்ன சொல்லுவார்?

மூன்றாவது படுக்கை எப்படி இருக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. சன்னல் இல்லாத வழக்கமான உள்ளறையின் பரப்பு ஏறத்தாழ 150 முதல் 180 சதுர அடி. அதில்தான் கழிப்பறை, அலமாரி, மேசை எல்லாம் அடக்கம். மூன்றாவது படுக்கை பெரும்பாலும் கூரையிலோ சுவரிலோ மடித்து வைக்கப்பட்டு, மாலையில் பணியாளர் வந்து இறக்கிவிடும் மேல் படுக்கையாக இருக்கும். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். இல்லையென்றால் சோபாவைப் பிரித்துப் போடும் படுக்கையாக இருக்கும். அதை விரித்த பிறகு குளியலறைக்கோ, பால்கனி உள்ள அறையானால் பால்கனிக்கோ போகிறவர் பக்கவாட்டில் நழுவித்தான் போக வேண்டும். சில கப்பல்களில் மேல் படுக்கையை இறக்கினால் கீழே உள்ள இரண்டு கட்டில்களையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. தேனிலவின் மிச்சத்தைக் கொண்டாட வந்த தம்பதியர், சுவரோரம் ஆளுக்கொரு ஒற்றைக் கட்டிலில் படுத்திருப்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்ற ஒரு கப்பலில் நான் வேறொரு குழுவுடன் இருந்தபோது, மேலே சொன்ன ஏழு பேரைப் போன்ற ஒரு குடும்பம் முதல் நாள் இரவே என்னைத் தேடி வந்தது. அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. முழங்கால் வலி உடையவர். ஏணியில் ஏற முடியாது. மகன் மேலே ஏறிக்கொண்டு, அத்தையையும் மனைவியையும் கீழே படுக்க வைத்தார். அத்தைக்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு விளக்கேற்ற முடியாவிட்டாலும் சுலோகமாவது சொல்லும் பழக்கம். மருமகளுக்கோ விடுமுறையில் எட்டு மணிக்குமுன் கண் விழிக்கும் எண்ணம் இல்லை. மறுநாள் முதல் அத்தை இரவு பதினொரு மணிவரை வரவேற்புக் கூடத்து நாற்காலியில் அமர்ந்துகொண்டு, "இங்கே நன்றாகப் பொழுது போகிறது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் தொந்தரவு இல்லை என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் தட்டை வெறித்துப் பார்த்தார்.

பணத்தைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று கெஸ்ட் சர்வீஸ் கவுன்டருக்குச் சென்றார்கள். கப்பல் நிரம்பியிருந்தது. மூன்று படுக்கைகள் இருந்தது அந்த ஓர் அறையில் மட்டுமே என்பதால், இறுதியில் செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஆண்கள் மூவரும் அந்த அறைக்குச் சென்றார்கள், அம்மாவும் அத்தையும் ஓர் அறை, மருமகள்கள் இருவரும் ஓர் அறை. கல்யாண மண்டபத்தில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று பாய் விரித்ததைப் போல, மூன்று தம்பதியரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து பயணத்தை முடித்தார்கள். தன்னால்தான் இப்படி ஆயிற்று என்ற எண்ணம் அத்தையை விட்டுப் போகவே இல்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பால்கனி அறையில் தலைக்கு 40,000 ரூபாய், மூன்றாவது ஆளுக்கு 20,000, உள்ளறையில் தலைக்கு 30,000, துறைமுகக் கட்டணமும் பணியாளர் சேவைக் கட்டணமும் சேர்ந்து ஆளுக்கு 12,000 என்று கொள்வோம். அத்தை மூன்றாவது ஆளானால் அவருக்கு ஆகும் செலவு 32,000. தனி உள்ளறையில் இருந்தால் இரண்டு பேர் கட்டணமான 60,000உடன் ஒருவருக்கான 12,000 சேர்ந்து 72,000. இங்கே பலர் 84,000 என்று தவறாகப் பெருக்கிவிட்டுப் பின்வாங்குகிறார்கள். துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் பொதுவாக ஆள் கணக்கு, அறைக் கணக்கு அல்ல. வித்தியாசம் 40,000. அதை அத்தையின் தலையில் கட்டாமல் ஏழு பேரும் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 6,000 ரூபாய்கூட ஆகாது. கரையில் ஒரு நாள் சுற்றுலாவுக்கு இதைவிட அதிகமாகத் தயங்காமல் கொடுக்கிறோம்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. அதைச் சொன்னால் எவரும் முதலில் நம்புவதில்லை. தனி அறைக்கு இரண்டு பேர் கட்டணத்தையும் கொடுத்தாகிவிட்டது என்றால், அந்த அறையில் எட்டாவது ஆள் ஒருவரைச் சேர்க்க ஆகும் கூடுதல் செலவு அந்த 12,000 மட்டுமே. அத்தையின் தோழியையோ, ஒன்றுவிட்ட தங்கையையோ அழைத்துக்கொள்ளுங்கள். தனியே விடப்பட்டோம் என்ற எண்ணமும் அத்தைக்கு வராது.

கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் மூன்றாவது படுக்கை கிடைக்கும் என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். உயிர்காப்புப் படகுகளில் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. அந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டால், அறைகள் காலியாக இருந்தாலும் அந்தப் பகுதியில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளை விற்க மாட்டார்கள்.

நான்கு பெரியவர்களுக்கு ஓர் அறை

ஒரே குளியலறை. கரையிறங்கும் நாளின் காலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள்.

விலை குறைவென்று 'கேரண்டி' அறை எடுப்பது

இந்த வகையில் நீங்கள் உறுதி செய்துகொள்வது அறையின் தரத்தை மட்டுமே. அறை எண்ணைப் புறப்பாட்டுக்குச் சற்றுமுன் நிறுவனமே ஒதுக்கும். இருவராகச் செல்வோருக்கு இது நல்ல பேரம். குழுவுக்கு உகந்ததல்ல, ஏனெனில் பெற்றோர் ஐந்தாம் தளத்தின் முனையிலும் பிள்ளைகள் பதினொன்றாம் தளத்தின் மறுமுனையிலும் விழலாம். அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. சிங்கப்பூரிலிருந்து சென்றுவந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பல் 347 மீட்டர் நீளம். அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை மகளின் கைப்பையில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தூரம் சிறியதல்ல. குழுவில் எவருடைய அறை எங்கே இருந்தாலும் பரவாயில்லையோ, அந்த இளைஞர்களுக்கு மட்டும் கேரண்டி எடுக்கலாம்.

இடைக்கதவு உள்ள அறைகளைப் பெரியவர்களுக்கு எடுப்பது

பக்கத்துப் பக்கத்து அறை வேறு, உள்ளே கதவு வைத்து இணைத்த அறை வேறு. பின்னது சிறு குழந்தைகளை அடுத்த அறையில் உறங்க வைப்போருக்காக அமைந்தது. அந்தக் கதவு சுவரைப் போல ஒலியைத் தடுக்காது. மாமனாரின் குறட்டையும் மருமகனின் தொலைபேசிப் பேச்சும் தாராளமாகப் போய்வரும். அடுத்தடுத்த பால்கனி அறைகள் எடுத்தால், பல கப்பல்களில் நடுவில் உள்ள தடுப்புப் பலகையைத் திறந்துவிடும்படி பணியாளரைக் கேட்கலாம். மாலையில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து காபி குடிக்கலாம், இரவில் தடுப்பை மூடிக்கொள்ளலாம். பெரியவர்களுக்குத் தேவையான நெருக்கம் அவ்வளவே என்பது என் கருத்து.

எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. ஒரே லிஃப்டைப் பயன்படுத்தும்படி, மேலும் கீழுமாக இரண்டு தளங்களில் இருந்தாலும் போதும். முழங்கால் வலி உள்ளவரின் அறை லிஃப்டுக்கு அருகில் இருக்கட்டும். ஆனால் லிஃப்ட் கூடத்தின் வாயிலிலேயே வேண்டாம், நள்ளிரவு தாண்டியும் அங்கே பேச்சுச் சத்தம் ஓயாது.

தள வரைபடத்தில் நம் தளத்தை மட்டும் பார்ப்பது

மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறையில், விடியுமுன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை தலைக்கு மேல் கேட்கும். அரங்கத்துக்கு மேலே இருந்தால் இரவுக் காட்சியின் தாளம் தரை வழியே வரும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளம்தான் முதியோருக்கு ஏற்றது.

அசைவைப் பொறுத்தவரை, கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளங்களில் குறைவு. முன் முனையிலும் பின் முனையிலும் அதிகம். ஆனால் இதற்காக எல்லாப் பயணங்களிலும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர், பினாங்கு வழித்தடம் சுமத்ராவுக்கும் மலேயத் தீபகற்பத்துக்கும் இடையில் ஒதுங்கிய மலாக்கா நீரிணையில் செல்வதால் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். சென்னையிலிருந்து திறந்த வங்காள விரிகுடாவில் செல்லும் பயணத்துக்கு, அதுவும் மழைக்காலத்தை ஒட்டியது என்றால், நடுப்பகுதி அறைக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

'கடல் தெரியும் அறை' என்பதை அப்படியே நம்புவது

சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கலாம். 'பார்வை மறைக்கப்பட்டது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பந்தி வீட்டாருக்குப் பால்கனி, நமக்கு உள்ளறை

இரு தரப்பாரும் முன்பே அறிந்து ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும்.

எல்லா அறைகளின் செலவையும் ஒரே கடன் அட்டையில் சேர்ப்பது

வேண்டாம்.

மது அருந்துபவரையும் அருந்தாதவரையும் ஓர் அறையில் பதிவது

பல நிறுவனங்களின் விதிப்படி, ஓர் அறையில் பதிவான பெரியவர்களில் ஒருவர் அளவில்லா மதுபானத் தொகுப்பை வாங்கினால், அதே அறையில் உள்ள மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும். சித்தப்பாவுக்கு மாலையில் இரண்டு பியர் பிடிக்கும் என்பதற்காக, மோர் தவிர எதையும் தொடாத பெரியப்பா நாள்தோறும் பணம் கட்டும் நிலை வரக்கூடாது. அறை பிரிப்பதற்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்பது சங்கடம்தான். குடும்பத்தில் இளையவர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பை விட்டுவிடுங்கள்.

பதிவு ஓர் அறையில், படுக்கை வேறோர் அறையில்

தம்பதியரைக் காகிதத்தில் வெவ்வேறு அறைகளில் பதிவு செய்துவிட்டு, கப்பலில் ஏறிய பின் மாறிக்கொள்வது கட்டணத்தைக் குறைக்கச் சிலர் கையாளும் வழி. இதில் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. அவசர காலத்தில் எங்கே கூட வேண்டும் என்பது பதிவான அறையைப் பொறுத்தே ஒதுக்கப்பட்டு, உங்கள் அறை அட்டையில் அச்சாகிறது. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறியிருந்த பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகே, புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாயார் கப்பலின் முன்பகுதியில் உறங்க, அவருடைய கூடுமிடம் பின்பகுதியில் இருந்தால், இருட்டில் நெரிசலுக்கு எதிர்த்திசையில் அவர் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே அறை மாறுவதென்று முடிவானால், பயிற்சி தொடங்குவதற்குமுன் கெஸ்ட் சர்வீஸ் கவுன்டருக்குச் சென்று பதிவையே மாற்றித் தரச் சொல்லி, புதிய அட்டைகளை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் இணங்காவிட்டால், பதிவான அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.