மொறுமொறு தட்டை: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

முறுக்குக்கு அச்சும் கைப்பழக்கமும் வேண்டும். தட்டைக்கு இரண்டும் வேண்டாம், ஈரத்தில் மட்டும் கண் இருந்தால் போதும். வெடிப்பது, உப்புவது, மறுநாளே நமுத்துப்போவது எல்லாம் பெரும்பாலும் ஈரத்தால் வரும் வினைதான்.

தேவையானவை (சுமார் 30 தட்டைக்கு): பச்சரிசி மாவு 2 கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு 2 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 6, பூண்டு 6 பல், உப்பு 1 தேக்கரண்டி, பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து, பொரிக்கக் கடலை எண்ணெய்.

வற்றலுக்கு ராமநாதபுரம் முண்டு நல்லது. மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். தோல் தடிப்பு என்பதால் வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். பிறகு பூண்டு, உப்புடன் மையாக அரையுங்கள். திப்பி நின்றால் எண்ணெயில் அது மட்டும் கருகிக் கசக்கும்.

கடலைப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். நிறையப் பேர் விடுகிற இடம் இதுதான். சொட்டுத் தண்ணீரோடு போகிற பருப்பு எண்ணெயில் பட்டென்று தெறிக்கும், கையைச் சுடும்.

அரிசி மாவை வெறும் சட்டியில் மிதமான தீயில் வறுங்கள். விரலால் எடுத்துக் கோலம் இழுத்தால் இழை அறுபடாமல் விழ வேண்டும், நிறம் மாறக்கூடாது. ஆறியதும் மூன்று மாவையும் சேர்த்துச் சலியுங்கள். உளுந்துக் குருணை ஒன்று தப்பினாலும் வெடிக்கும்.

இப்போது வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் பிசறுங்கள். ஒரு பிடி பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வெண்ணெய் குறைந்தால் பல்லை உடைக்கும். கூடினால் தட்டை எண்ணெயிலேயே பிரிந்து கரைந்துபோகும். அரைத்த விழுது, பருப்பு, பெருங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். முக்கால் கப்புக்குமேல் பெரும்பாலும் பிடிக்காது. மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். பிசைந்து வெகுநேரம் கிடந்த மாவு சிவந்துபோகும், எண்ணெயும் குடிக்கும். பாதி பாதியாகப் பிசைந்து ஈரத்துணியால் மூடுங்கள். மதுரை வெயிலில், ஃபேனுக்கடியில், பத்தே நிமிடத்தில் காய்ந்து விளிம்பு வெடிக்கும்.

எலுமிச்சை அளவு உருண்டையில் பாதி எடுத்து, பழைய வேட்டித் துணியில் வைத்துத் தட்டுங்கள். பிளாஸ்டிக் தாளிலும் தட்டலாம்தான், ஆனால் துணி மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கனம் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் கூடுதல். முள்கரண்டியால் ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் நீராவிக்கு வழியில்லாமல் பூரியாக உப்பி, நடுவில் வேகாது.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடிக்குப் போய் உடனே மேலே வந்தால் சரி. மேலேயே நின்று சிவந்தால் சூடு அதிகம். தட்டைகளைப் போட்டதும் தீயைக் குறைத்து, ஒருபக்கம் இறுகிய பிறகே திருப்புங்கள். ஒரு ஈடு வேக 4, 5 நிமிடம். நேரத்தைவிடக் காதை நம்பலாம்: சலசல சத்தமும் குமிழியும் அடங்கினால் ஈரம் போய்விட்டது, எடுக்கலாம். நிறம் வந்ததே என்று அதற்குமுன் எடுத்தால் சாயங்காலமே நமுக்கும்.

சூடு முழுக்க ஆறியபின் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுங்கள். பத்து நாள் தாங்கும். இடையில் நமுத்தால் வெறும் இரும்புச் சட்டியில் சிறுதீயில் நாலு நிமிடம் புரட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு கடித்துப் பார்த்து இன்னும் மெத்தென்று இருக்கிறதே என்று எண்ணவேண்டாம், ஆறும்போதுதான் மொறுமொறுப்பு திரும்பும்.